கரையில் முளைத்த புற்று

எங்கள் குளத்துத் தண்ணீரை யாரோ திருடுகிறார்கள் என்று முதலில் சொன்னவள் நான்தான். என் வீட்டுக்காரர் சிரித்தார். "தண்ணிய போயி யாராவது திருடுவாங்களா?" என்றார். திருடுவார்கள். அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் பெயர் பதியும் முகப்பில் காலத்தைத் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். வயதைக் கேட்டாலும் பொய், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டாலும் பொய். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவளுக்குச் சந்தேகம் வராமல் வேறு என்ன வரும்? பசாரில் காய் வாங்கும்போது தராசைப் பார்ப்பேன். தராசு சரியாக இருந்தால் காய்க்காரரின் விரலைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் எனக்கு நேர்மாறு. எல்லாரையும் நம்பிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் திட்டு வாங்குவார்.

என் சந்தேகம் தண்ணீரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குளத்தைத் தாங்கி நின்ற மண்கரைக்கு நேர் கீழே என் அக்காவின் வீடு இருந்தது. அந்த வீட்டில், கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து இப்போதுதான் கர்ப்பமான அக்கா மகள் வந்து தங்கியிருந்தாள்.

குளம் என் வீட்டுக்காரரின் ஆசை. கரங்கானுக்கு வெளியே, செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவில், பழைய ரப்பர் நிலம் ஒன்றை வாங்கினோம். நிலம் நடுவில் குழிந்து, ஒரு சின்ன ஓடை போனது. குழியின் வாயை மண் போட்டு அடைத்தால் குளமாகிவிடும் என்று அவர் கண்டுபிடித்தார். மண்வாரி இயந்திரம் வைத்திருக்கும் சீனர் ஒருவர் வந்து, சிவப்புக் களிமண்ணை அள்ளிக் கொட்டி, அதன் மேலேயே ஏறி இறங்கி மிதித்து, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கரை போட்டுக் கொடுத்தார். அடியில் ஒரு பைப், பைப்பின் முனையில் கையால் திருகும் வால்வு. மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக ஓரத்தில் ஒரு வாய்க்கால். அவ்வளவுதான் எங்கள் அணைக்கட்டு.

அதில் திலாப்பியா மீன் விட்டார், லம்பாம் மீன் விட்டார். பிடித்து விற்கலாமே என்றால் முறைத்தார். கொக்கு தின்னட்டும் என்றார். கொக்கு வந்தது, மீன்கொத்தி வந்தது, கானாங்கோழி குஞ்சுகளோடு வந்து கோரையில் குடித்தனம் வைத்தது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்து, நல்ல நல்ல மீனாகப் பார்த்துக் கடித்துத் துப்பிவிட்டுப் போன அன்று அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாணத்தன்று அது இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அக்காவைக் கரைக்குக் கீழே குடிவைத்தவள் நான். அவள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். "எங்க நெலத்துலயே கட்டிக்கோ, வா" என்று கூப்பிட்டேன். மேட்டில் நாங்கள் முன்பே வீடு கட்டியிருந்தோம். மற்றபடி சமமாக இருந்தது கரைக்குக் கீழே உள்ள துண்டு மட்டும்தான். கரை மேல் நின்றால் அக்கா வீட்டுத் தகரக் கூரை என் கால் மட்டத்துக்கு இருக்கும். குரல் கொடுத்தால் கேட்கிற தூரம் என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கரையில்தான் புற்று முளைத்தது.

முதலில் ஒரு கை உயரத்துக்குச் செம்மண் குவிந்தது. கறையான் வேலை. என் வீட்டுக்காரர் மண்வெட்டியால் தட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அக்கா பார்த்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் துணி கட்டியாயிற்று. மஞ்சள், குங்குமம், பால், முட்டை. அதற்கு மேல் அதைத் தொட யாருக்குத் தைரியம் வரும்? புற்று வளர்ந்தது. என் இடுப்பு உயரம் ஆனது. அக்கா மகள் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அவளும் புருஷனும் போகாத டாக்டர் இல்லை. அவளைக் கூட்டி வந்து புற்றைச் சுற்றவைத்து, பக்கத்திலிருந்த செடியில் ஒரு துணித் தொட்டில் கட்டினாள் அக்கா. சில மாதத்தில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது.

பிறகு கேட்கவேண்டுமா? கரங்கானிலிருந்து வந்தார்கள். கூலிமிலிருந்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் மண்பாதையில் கார் நிற்க இடம் இருக்காது. எல்லார் கையிலும் பால் பாக்கெட், முட்டை. நாகம்மா இருக்கிறாள் என்றார்கள். எத்தனை பேர் வந்தும் ஒருத்தர்கூடப் பாம்பைப் பார்த்ததில்லை. நான் கேட்டேன். "உங்க கண்ணுக்குத் தெரியுமா லா, நல்லவங்க கண்ணுக்குத்தான் தெரியும்" என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாம்பு இல்லாவிட்டால் முட்டை எங்கே போகிறது? அதையும் கண்டுபிடித்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் செடி மறைவில் உட்கார்ந்து பார்த்தேன். கோரையிலிருந்து உடும்பு ஒன்று ஏறி வந்தது. என் கை நீளத்தைவிட நீளம். வீட்டுக்காரர் மாதிரி நிதானமாக வந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, புற்றுக்குப் பின்பக்கம் போய் மறைந்தது. திரும்பிக் குளத்துக்குள் இறங்கவில்லை. கரைக்குள்ளேயே போய்விட்டது. பின்னால் போய்ப் பார்த்தேன். என் தலை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். எனக்குக் குழந்தை இல்லை. மறைக்கிற விஷயம் இல்லை இது. மறைத்தாலும் விடமாட்டார்கள். நம் ஆட்கள் பேரைக் கேட்கும் முன் அதைத்தான் கேட்பார்கள். நானும் புற்று சுற்றியிருக்கிறேன். யான் என்கிற ஊருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஒரு புற்று. அலோர் ஸ்டாரிலிருந்து பஸ் பிடித்துப் போய், ஈரப் புடவையோடு சுற்றி, அதே ஈரத்தோடு பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா மகளுக்கு நடந்ததில் எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். ஆனால் பிள்ளையில்லாத ஒருத்தி சந்தோஷம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு சின்ன இடைவெளி வரும். சொன்னவளின் கண்ணைப் பார்ப்பார்கள்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் அக்கா மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பெண் ஆசையாகச் சாப்பிட்டாள். அக்கா என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். கிளம்பிக் கரை மேல் ஏறி நடந்துகொண்டிருந்தேன். கீழே அக்கா வீட்டுப் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா உப்பும் மிளகாயும் மகளுக்குச் சுற்றிக் கரி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது கணக்கு. "பாத்தியா, கொஞ்சங்கூட நெடி வரல. எம்மாங் கண்ணு!" என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. நெடி எப்படி அவளுக்கு வரும்? காற்று என் பக்கம் அடித்தது. நெடி முழுவதும் மேலே என்னிடம் வந்துகொண்டிருந்தது. நான் கரை மேல் நின்று தும்மித் தீர்த்தேன். சிரிக்கவேண்டிய விஷயம். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. வெயிலில் இறங்கினால் சரி, அது இயற்கை. ராத்திரி பூராவும் மழை கொட்டினாலும், விடிந்து பார்த்தால் தண்ணீர் முந்தின நாளைவிடக் கீழே இருந்தது. மழை பெய்து குளம் வற்றுமா? பக்கத்து நிலத்தில் ஒரு மலாய்க்காரர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், வாழையும் கீரையும் போட்டிருந்தார். அவரிடம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருந்தது. நீளமான ஹோஸ் இருந்தது. எனக்கு அதுவே போதும். வாழைப்பழம் வாங்கப் போகிற சாக்கில் ஹோஸ் எங்கே போகிறது என்று பார்த்தேன். அவருடைய கிணற்றுக்குத்தான் போனது. அதனால் என்ன? நான் வருவது தெரிந்து மாற்றி வைத்திருக்கலாம். "இந்தக் கீரை எப்படி இவ்வளவு பச்சையா இருக்கு?" என்று கேட்டேன். "ஆட்டுச் சாணம்" என்றார் அவர். நம்பவில்லை.

அவரே ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பான் பொச்சோர், காக்" என்றார். கரை ஒழுகுகிறது, அக்கா என்கிறார். அக்கா வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் மண் எந்நேரமும் ஈரமாக இருக்கிறது, மழை இல்லாத நாளிலும் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். நல்ல கதை. தண்ணீரை எடுக்கிறவர் தானே வந்து கரை மேல் பழி போடுகிறார் என்று நினைத்தேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அவர் போன பிறகு போய்ப் பார்த்தேன். அவர் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

அவர் பொய் சொல்லவில்லை. கரையின் அடியில், புற்றுக்கு நேர் கீழே, மண் கசிந்துகொண்டிருந்தது. பெரணிச் செடி தளதளவென்று வளர்ந்திருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக, விரல் அளவு ஓடி அக்காவின் கீரைப் பாத்திக்குள் போனது. அக்காவுக்கு அது நாகம்மா தந்த ஊற்று. மேலே ஏறினேன். கீழே கிடந்த மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உடும்பு போன பொந்தில் விட்டேன். குச்சி போனது. போய்க்கொண்டே இருந்தது. என் தோள் வரை கையை விட்டும் முனை எதிலும் இடிக்கவில்லை. எழுந்து நின்றேன். இடது பக்கம் குளம். வலது பக்கம், என் காலுக்குக் கீழே, தகரக் கூரை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அக்கா மகள் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் தண்ணீர் குறைவதற்கு இந்தக் கசிவு போதாது. விரல் அளவு ஓட்டத்தில் ஒரே நாளில் இவ்வளவு இறங்காது. திருடன் ஒருத்தன் தனியாக இருக்கிறான் என்று என் புத்தி அடம்பிடித்தது. மறுநாள் விடியும் நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படுக்கையில் வீட்டுக்காரர் இல்லை. பறவை பார்க்கப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

வால்வு இருக்கும் இடத்தில் ஒரு ஆள் குந்தியிருந்தார். மழைக்கோட்டு போட்டிருந்தார். குடையை மடக்கி, கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் திரும்பினார். என் வீட்டுக்காரர்.

"என்னங்க பண்றீங்க?"

"தண்ணிய எறக்குறேன்" என்றார். திருட்டில் பிடிபட்ட முகமே இல்லை. "தெனமும் தொறக்குறேன். மழ விடமாட்டேங்குது. எறக்குறதுல பாதி திரும்ப ஏறிருது."

"பாக்சிக்கத் திட்டிக்கிட்டு இருந்தேனே. நீங்க வாயத் தொறக்கலியே?"

"நீ அவர நேருல திட்டல. அதனால பரவால்லன்னு விட்டுட்டேன்."

அவருக்கும் தெரிந்திருந்தது. புற்றுக்குக் கீழே கறையான் வழி வழியாகத் தோண்டி வைத்திருக்கிறது. முட்டைக்குப் பழகிய உடும்பு அந்த மெத்தென்ற மண்ணில் பெரிய பொந்தாகவே வெட்டிவிட்டது. தண்ணீர் அந்தப் பொந்தின் உயரத்துக்கு ஏறிவிட்டால் உள்ளே புகுந்து, மண்ணை அரித்துக்கொண்டு அந்தப்பக்கம் வந்துவிடும். கசிவு தெளிவாக வரும்வரை பயமில்லை. கலங்கி வந்தால், கரையின் மண்ணையே கொண்டு வருகிறது என்று அர்த்தம். இதையெல்லாம் அவர் மெதுவாகச் சொன்னார். கொக்கைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.

"அப்ப புத்தத் தோண்டிட்டு, பொந்த அடச்சு, நல்ல மண்ணு போட்டு இடிக்க வேண்டியதுதான?"

"வேண்டியதுதான்" என்றார். "யாரு தோண்டுறது? நீயா, நானா?"

வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வரம் கொடுத்த புற்றை, பிள்ளையில்லாத வீட்டிலிருந்து மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் இடிப்பது. இடித்த பிறகு அந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் யார் பேர் வரும்? அதைவிட மோசமாக இன்னொன்றும் என் மனசில் வந்தது. அந்தப் புற்றை இடிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவது கரைக்காக மட்டும்தானா? யானில் ஈரப் புடவையோடு சுற்றியவளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லையா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் அன்றைக்கு என்னையே சந்தேகப்பட்டேன். அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

அவர் வால்வை மூடிவிட்டு எழுந்தார். தண்ணீர் இறங்கிய இடத்தில் சேறு தெரிந்தது. கானாங்கோழி கூடு கட்டியிருந்த கோரை காய்ந்து சாய்ந்திருந்தது. தன் கையாலேயே அவர் தன் குளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னிடம்கூடச் சொல்லாமல். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். ரோட்டில் கை பிடித்து நடக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

புற்றைப் பற்றிப் பேசாமல் பெண்ணை மட்டும் மேலே கூட்டி வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்றைக்கே அக்காவிடம் போனேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மழக்காலம் முடியிற வரைக்கும் பாப்பா மேல வந்து இருக்கட்டும். நீயும் வா. ரூம்பு சும்மாதான கெடக்கு."

"மாசமா இருக்குறவள எடம் மாத்தக்கூடாது."

"கர கசியுது, அக்கா. பயமா இருக்கு."

"கர கசியல. அம்மா தண்ணி குடுக்குறா." கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ஒனக்கு அந்தப் புத்து மொதல்லேருந்தே கண்ண உறுத்துது."

எனக்குப் பொறுக்கவில்லை. "என் கண்ணுதான? அதையும் சொல்லிரு. மொளகா சுத்திப் போட்டியே, யாரு கண்ணுக்குப் போட்ட? கர மேல நின்னு நான் பாத்தேன்."

அக்கா கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு வாய் அடங்கவில்லை. "எங்க நெலத்துல இருந்துக்கிட்டு" என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அதை மட்டும் விழுங்கியதற்கு இன்றைக்கும் எந்தச் சாமி காரணமோ அந்தச் சாமிக்கு நன்றி. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வீட்டுக்காரர் காலையிலும் மாலையிலும் வால்வைத் திறந்தார். நான் தினமும் பின்பக்கமாக, அக்கா கண்ணில் படாமல் போய்க் கசிவைப் பார்த்துவிட்டு வந்தேன். திருடியைப் போலத்தான் போய் வந்தேன்.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம், குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன், கண்ணாடி மாதிரி வந்த தண்ணீர் தே தாரிக் பால் டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது. விரல் அளவு இல்லை, கை அளவு. பெரணிச் செடி ஒன்று வேரோடு பெயர்ந்து கிடந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பிறகு அக்கா வீட்டுக்குள் நேராகப் போனேன். அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள். கலங்கல் அவள் காலைச் சுற்றிக்கொண்டு கீரைப் பாத்திக்குள் போனது. நிமிர்ந்து மேலே புற்றைப் பார்த்தாள். மஞ்சள் துணி நனைந்து ஒட்டியிருந்தது.

பின்னாலிருந்து அக்கா மகள் சொன்னாள். "சின்னம்மா, நான் மேல வர்றேன்." ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஈரத்தில் வந்து நின்றிருந்தாள். "அம்மா, நீயும் வா."

அக்கா என்னைத்தான் பார்த்தாள். "புத்த இடிச்சிருவியா?"

"தொடமாட்டேன்" என்றேன். "என் தலைமேல சத்தியமா தொடமாட்டேன். நீ வா."

அந்தப் பெண்ணை நடுவில் விட்டு, நான் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம். வழுக்கியது. மூன்று பேரும் அழுதுகொண்டேதான் ஏறினோம் என்று நினைக்கிறேன். மழையில் யாருக்குத் தெரியும்?

மேலே வீட்டுக்காரர் நின்றிருந்தார். புற்றைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் குளத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான் பார்த்தார். "அப்ப கொளத்த இடிப்போம்" என்றார்.

கரையின் அடுத்த முனையில், புற்றுக்கு எட்டத்தில், மண் இயற்கையாகவே பாறை மாதிரி இறுகியிருக்கும். அங்கே வெட்டிவிட்டால் தண்ணீர் அக்கா வீட்டுப் பக்கம் வராமல் வேறு வழியில் போகும். அந்த வேறு வழி பாக்சிக்கின் வாழைத்தோட்டம். அவரிடம் கேட்க வீட்டுக்காரர் என்னைத்தான் அனுப்பினார். தெரிந்தே அனுப்பினாரா என்பது இன்னும் சந்தேகம். நான் மழையில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பெண் எங்கே இருக்கிறாள் என்று. மேலே வந்துவிட்டாள் என்றேன். "புவாட் லா, காக்" என்றார், செய்யுங்கள் என்று. "பீசாங் போலே தானாம் லாகி." வாழையைத் திரும்ப நட்டுக்கொள்ளலாமாம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மண்வாரிக்காரர் வந்து, ஒரேயடியாக வெட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினார். வெட்டிய இடம் அரிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் கல்லை அடுக்கினார்கள். வீட்டுக்காரர் முன்பே இறக்கி வைத்திருந்ததால் தண்ணீர் பாய்ந்துவிடாமல் வழிந்தது. இல்லாவிட்டால் வாழைத்தோட்டம் என்ன, அதற்கு அப்பால் ரோடும் போயிருக்கும் என்றார் மண்வாரிக்காரர். சாயங்காலத்துக்குள் கசிவு நின்றது. குளமும் நின்றது. வாழைக்கு நடுவில் திலாப்பியாக்கள் துள்ளின. அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் வாளியோடு வந்து அள்ளினார்கள். எங்கிருந்துதான் தெரியுமோ, கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து சேற்றில் இறங்கின. அவ்வளவு கொக்கை அதற்கு முன் எங்கள் குளத்தில் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் அதையும் நின்று பார்த்தார். சில நாளில் தின்று முடித்து அவை போய்விட்டன. பிறகு வரவில்லை.

இப்போது கரை இருக்கிறது, குளம் இல்லை. நடுவில் பழைய ஓடை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. வீட்டுக்காரர் காலையில் காப்பிக் குவளையோடு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். புற்று அதே இடத்தில் அதே மஞ்சள் துணியோடு நிற்கிறது. வெள்ளிக்கிழமை கார்களும் நிற்கின்றன. "கரையே ஒடைய இருந்துச்சு, அம்மாதான் காப்பாத்துனா" என்று அக்கா வருகிறவர்களிடம் சொல்வாள். நான் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கே சந்தேகம், எனக்கு உடம்பு சரியில்லையோ என்று.

மழை விட்டதும் அக்காவும் மகளும் கீழே போய்விட்டார்கள். கூலிம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் போய்ப் பார்த்தேன், ஆனால் வாசலோடு நின்றுகொண்டேன். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பத்தியச் சாப்பாடு கொண்டு போவேன், கதவருகில் வைப்பேன், அங்கிருந்தே பார்ப்பேன். குழந்தை கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு இருக்கும். எல்லாக் குழந்தைக்கும் வைப்பதுதான். ஆனால் நான் போகும்போது அது புதிதாக வைத்த மாதிரி மினுங்குகிறதா என்று பார்ப்பேன். மினுங்குவது போலத்தான் தெரியும். உள்ளே வா என்று பெண் கூப்பிடுவாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று வந்துவிடுவேன். ஒரு தும்மல் வந்தாலும் என் மேல் வரும் என்ற பயம்.

தீட்டு கழிந்த பிறகு ஒரு காலையில் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக மேட்டுக்கு ஏறி வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை கழுவக்கூட நேரம் தரவில்லை. குழந்தையை என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டாள். என்னையும் குழந்தையையும் தனியாக விட்டுவிட்டு.

நான் முதலில் கன்னத்தைத்தான் பார்த்தேன். பொட்டு இல்லை. நெற்றியைப் பார்த்தேன். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. இதில் என்ன சூது என்று என் புத்தி உடனே போனது. பிறகுதான் பார்த்தேன், கன்னத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். அழுத்தித் துடைத்த தடம். அக்கா கையில் டம்ளரோடு திரும்பி வந்தாள். அவள் கட்டைவிரல் கறுப்பாக இருந்தது. புடவைத் தலைப்பு முனையும் கறுப்பாக இருந்தது.

"ஏன்டி அழுவுற?" என்றாள்.

"வெங்காயம்" என்றேன். பிறகு அவளைத் திட்டினேன். "அறிவு இருக்கா ஒனக்கு? பச்சப்புள்ளய இப்படியா மொட்டையா தூக்கிட்டு வருவ? வழியில எத்தன பேரு பாத்துருப்பாங்க?"

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அறைக்குப் போய் என் மை டப்பாவைத் தேடி எடுத்தேன். நானே வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே.